பாரிஸ் – சூரிச், வழி மொன்றியல்

மாக்கிரட்டுக்கு உலகத்துத் தூரமெல்லாம் சாப்பாட்டுக் கணக்கில்தான் தெரியும். ரொறன்ரோ என்றால் ஒரு பிஸ்கட் பக்கற். வன்கூவர் என்றால் ஒரு சாண்ட்விச். பாரிஸ் என்றால் இரவுச் சாப்பாடு, விடியச் சாப்பாடு, நடுவில் நித்திரை வராதவர்களுக்கு ஒரு துண்டு சொக்கலேற். மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்தை ஒட்டி, விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் ஒரு பெரிய சமையற்கூடத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. தலையில் வலைத்தொப்பி, கையில் நீலக் கையுறை. சலாது ஒரு மூலை, பாண் ஒரு மூலை, கேக் ஒரு மூலை என்று தட்டு அடுக்குவதுதான் வேலை. அவள் அடுக்கிய தட்டுகள் போகாத ஊரில்லை. அவள்தான் எங்கும் போனதில்லை. கனடாவுக்கு வந்த பிறகு ஒரேயொரு தடவை, தமக்கை மகளின் கல்யாணத்துக்குச் சூரிச் போய் வந்ததோடு சரி.

வேதக்காரரைச் சனி பிடிக்காது என்பார்கள். அந்தக் கல்யாணத்தில் பிடித்த சனி அவளைப் பத்து வருடத்துக்கு மேல் விடவில்லை.

குருநகரில் ஒரு வீட்டில் பிறந்த மூன்று பேர் அவர்கள். மூத்தவர் திரேசம்மா, சூரிச்சில். கணவரை இழந்தவர், ஒரே மகள் நிரஞ்சனி. நடுவில் அருமைநாதன், பாரிசில். கல்யாணம் கட்டாமல், காலமெல்லாம் உணவகச் சமையலறைகளில் நின்றுவிட்டு இப்போது ஓய்வில் இருப்பவர். கடைக்குட்டி மாக்கிரட், மொன்றியலில் பார்க் எக்ஸில், கணவன் அன்டனோடும் மகள் அனோஜினியோடும்.

நிரஞ்சனியின் கல்யாணத்தில் தகப்பன் இல்லாத பிள்ளையைத் தாய்மாமன்தான் பீடம்வரை கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று முடிவாகியிருந்தது. முதல் நாளே வந்துவிடச் சொன்னார் திரேசம்மா.

"ஒரு மணித்தியாலப் பயணத்துக்கு ஒரு நாளோ? காலமைத் தேத்தண்ணியை இஞ்ச குடிச்சிட்டு மற்றத் தேத்தண்ணிக்கு அங்க நிப்பன்" என்று சிரித்தார் அருமைநாதன்.

கணக்கு பிழையில்லை. பாரிசிலிருந்து சூரிச் பறந்தால் ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும்தான். பெல்ட்டைப் போட்டு, ஒரு கோப்பி குடித்து, கப்பைத் திருப்பிக் கொடுப்பதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். மாக்கிரட்டின் கணக்கில் அது ஒரு தட்டுக்குக்கூடத் தகுதியில்லாத தூரம். ஆனால் அருமைநாதன் பயணச்சீட்டு எடுத்தது பாசலுக்கு. சுவிஸ் என்றால் எல்லாம் சூரிச்சுக்குப் பக்கம்தானே என்று நினைத்திருந்தார். பாசல் விமான நிலையமோ ஒரு விநோதப் பிறவி. அது நிற்பது பிரான்ஸ் மண்ணில். ஒரு வாசலால் வெளியே போனால் சுவிஸ், மற்ற வாசலால் போனால் பிரான்ஸ். அருமைநாதன் கோட்டும் சூட்டுமாக, மருமகளுக்கு வாங்கிய சங்கிலியை உள்பையில் வைத்துக்கொண்டு, பிழையான வாசலால் வெளியே வந்தார். பார்த்தால் எங்கும் பிரெஞ்சு. பிரெஞ்சுப் பெயர்ப்பலகை, பிரெஞ்சுப் பொலிஸ், பிரெஞ்சு இலக்கத்தகடு போட்ட கார்கள். திகைத்துப்போய், சூரிச்சில் கோயில் வாசலில் பூக்கூடையோடு நின்ற மாக்கிரட்டுக்கு போன் எடுத்தார்.

"தங்கச்சி, பிளேன் திரும்பி பிரான்சுக்கே வந்திட்டுது போல கிடக்கு. ஆரைக் கேட்டாலும் சிரிக்கிறாங்கள்."

அவர் சரியான வாசலைக் கண்டுபிடித்து, ரயில் பிடித்து, கோயிலைத் தேடி, கோயில் பூட்டியிருப்பதைக் கண்டு மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது சனம் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மணமகளைப் பீடத்துக்குக் கூட்டிப்போனது அன்டன். அவர் மொன்றியலிலிருந்து கொண்டுவந்த ஒரேயொரு கோட்டு கொஞ்சம் இறுக்கம். மூச்சை அடக்கிக்கொண்டு நடந்ததில் அவருடைய முகம் நிரஞ்சனியின் கையிலிருந்த ரோசாக்களைவிடச் சிவந்துபோயிருந்தது. வீடியோவில் இன்றைக்கும் பார்க்கலாம்.

"கடல் தாண்டி வந்தவளுக்கு வழி தெரிஞ்சுது. பக்கத்தில இருக்கிற உனக்குத் தெரியேல்லை" என்றார் திரேசம்மா. அவர் நின்றது வாழ்த்துரை மைக்குக்குப் பக்கத்தில். மைக் வேலை செய்துகொண்டிருந்தது.

"இனி உன்ர வாசல்படி மிதிச்சனெண்டால் நான் அருமைநாதன் இல்லை!"

அதுவும் மண்டபம் முழுக்கக் கேட்டது.

அன்றோடு பாரிசுக்கும் சூரிச்சுக்கும் கதை அறுந்தது. இருவரும் ஒருவர் நம்பரை மற்றவர் போனிலிருந்து அழித்தார்கள். ஆனால் கூடப்பிறந்தவர்களுக்குச் சொல்ல ஏதாவது இருந்துகொண்டே இருக்குமே. அம்மாவின் ஆண்டுத்திவசப் பூசையை எந்தக் கோயிலில் ஒப்புக்கொடுப்பது, ஊர் வீட்டுக் கிணற்றடித் தென்னையைத் தறிக்கலாமா, ஆர் செத்தது, ஆர் பெத்தது. இதெல்லாம் மொன்றியலுக்கு வந்து, மொன்றியலிலிருந்து திரும்பிப் போயின. ஐந்நூறு கிலோமீற்றர்கூட இல்லாத தூரத்துக்கு, அவர்களுடைய சொல் அத்லாந்திக் கடலை இரண்டு தடவை தாண்டியது.

டோர்வலில் வேலை முடிந்து மாக்கிரட் பஸ்சில் ஏறும் நேரம் ஐரோப்பாவில் இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். சரியாக அப்போது போன் அடிக்கும்.

"உன்ர அண்ணனிட்டச் சொல்லு."

அதை அவள் சொல்லி வாயை மூடுவதற்குள்,

"உன்ர அக்காவிட்டச் சொல்லு."

அவர்கள் இருவருக்கும் அக்காவும் இல்லை, தம்பியும் இல்லை. எல்லா உறவும் மாக்கிரட்டுக்குத்தான்.

அனோஜினிக்கு இது விளங்குவதேயில்லை. டவுன்டவுனில் பல்கலைக்கழகம் போகிறவள். "அம்மா, பெரியம்மான்ர வொய்ஸ் மெசேஜை அப்பிடியே மாமாக்குப் போர்வேட் பண்ணி விடுங்கோவன். ஏன் நீங்கள் திருப்பிக் கதைக்கிறீங்கள்?"

"வாயால வந்ததை வாயாலதான் குடுக்கோணும்" என்பாள் மாக்கிரட்.

உண்மைக் காரணம் வேறு. அப்படியே அனுப்பினால் ஐரோப்பாவில் தீ மூளும்.

ஒருமுறை அருமைநாதனுக்கு ஒடியல் கூழ் காய்ச்ச ஆசை வந்தது. எவ்வளவோ பிரெஞ்சுச் சமையல் செய்த கை, ஆனால் கூழ் மட்டும் பசையாகிப் போனது. பக்குவம் கேட்டு மொன்றியலுக்கு எடுத்தார். மாக்கிரட் சூரிச்சுக்கு எடுத்தாள்.

"புளியைக் கடைசியில விடச் சொல்லு. விட்டாலும் அவனுக்கு வராது. கூழுக்கும் வழி தெரியாமல் பாசலுக்குப் போயிடுவான்" என்றார் திரேசம்மா.

மாக்கிரட் பாரிசுக்குச் சொன்னது: "புளியைக் கடைசியில விடட்டாம் அண்ணை. உங்கட கைக்கு நல்லா வருமாம்."

"அப்பிடியோ சொன்னவா?" என்றார் அருமைநாதன். 'சொன்னவள்' இல்லை, மரியாதையாக 'சொன்னவா'. மாக்கிரட் அதைக் கவனித்தாள். அதில்தான் அவளுக்கு ருசி பிடித்தது.

முதலில் அவள் செய்தது மீனில் முள்ளெடுக்கிற வேலை மட்டும்தான். ஆனால் திரேசம்மாவின் பேச்சில் சில நாட்களில் முள்ளை எடுத்தால் மீனே மிஞ்சாது. வெறும் தட்டை நீட்ட முடியுமா? தட்டை நிரப்புவதுதானே அவளுடைய தொழில். ஒரு மூலையில் ஒரு விசாரிப்பு, ஒரு மூலையில் ஒரு பெருமூச்சு, நடுவில் சின்னதாக ஒரு இனிப்பு என்று அடுக்கத் தொடங்கினாள்.

"நீர் ஒரு நாளைக்கு மாட்டுப்படப் போறீர்" என்று அன்டன் எச்சரித்தார். ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையில் நிற்கும் மனிதர். பழுதான தக்காளியைக் கூடையின் அடியில் வைத்தால் வீட்டுக்குப் போய்க் கொட்டும்போது தெரிந்துவிடும் என்பது அவருடைய அனுபவம்.

"அவை ரெண்டு பேரும் சந்திச்சால்தானே மாட்டுப்படுறதுக்கு" என்றாள் மாக்கிரட்.

போன வருடம் இளவேனிலில் அருமைநாதனுக்குப் பித்தப்பையில் கல்லென்று ஆஸ்பத்திரியில் கிடத்தினார்கள். செய்தி கேட்ட திரேசம்மா, "இருக்கிறானோ, போயிட்டானோ எண்டு கேட்டுச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். ஆனால் குரலில் ஏதோ கரகரத்த மாதிரி மாக்கிரட்டுக்குப் பட்டது. சளித் தடிமனாகவும் இருக்கலாம்.

பாரிசுக்கு அவள் சொன்னது: "அக்கா ஒரே அழுகை அண்ணை. உங்களை ஒருக்காப் பாக்கோணும் எண்டு துடிக்கிறா."

அருமைநாதன் இருமினார். தையல் இழுத்ததோ என்னவோ, "அம்மா!" என்றார். பிறகு ஆஸ்பத்திரிச் சூப்பைப் பற்றி நெடுநேரம் நொந்துகொண்டார். உப்பில்லை, உறைப்பில்லை, இதைக் குடித்தே சாகப்போகிறேன் என்று உண்மையிலேயே அழுகிற குரலில் சொன்னார்.

சூரிச்சுக்கு அவள் சொன்னது: "அண்ணை அழுதவர் அக்கா. உங்களைக் கேட்டுத்தான்."

போனை வைத்தபோது அவளுக்குப் பெருமையாகவே இருந்தது. இரண்டு பக்கமும் கொஞ்சம் இளகட்டும், மெல்ல மெல்ல ஒருநாள் நம்பரைக் கொடுத்துவிடலாம் என்பது அவளுடைய திட்டம். இரண்டு பக்கமும் ஒரே நாளில் கட்டுடைத்துப் பாயும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

ஏனென்றால் அருமைநாதன் நினைத்தார்: அக்காதான் முதலில் இறங்கி வந்துவிட்டா, இனி நான் பெருந்தன்மையாக இருக்கவேண்டும். திரேசம்மா நினைத்தார்: தம்பி அழுதேவிட்டான், மன்னிப்பது மூத்தவளுக்கு அழகு. வென்றவருக்குத்தான் மன்னிக்கும் மனம் வரும். இரண்டு பேரும் வென்றிருந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கதவில் நின்று மற்றவரைத் திகைக்க வைக்கவேண்டும் என்று இருவருக்கும் ஆசை. ஒரு மணித்தியாலப் பயணம்தானே.

ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், முதல் இடைவேளைக்கு மாக்கிரட் கையுறையைக் கழற்றிவிட்டு உடைமாற்றும் அறைக்கு வந்தாள். வேலைத்தளத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, லொக்கருக்குள்தான் வைக்கவேண்டும். எடுத்துப் பார்த்தால் திரை நிறைய அண்ணை, அக்கா, அண்ணை, அக்கா, அண்ணை. ஆரோ செத்துப்போய்விட்டார்கள் என்றே நினைத்தாள். கையில் போன் அதிர்ந்தது.

"மாக்கிரட்! உன்ர அக்கா எங்க போயிட்டா? கதவைத் தட்டித் தட்டிக் கை நோகுது."

"எந்தக் கதவு அண்ணை?"

"அவாவின்ர கதவுதான். சூரிச்சில. இந்தமுறை சரியாச் சூரிச்சிலதான் இறங்கினனான். ரிக்கற் குடுத்த பெட்டையிட்ட மூண்டு தரம் கேட்டு வேண்டினது."

மாக்கிரட் வாங்கில் உட்கார்ந்தாள். சந்தோசத்தில் கண் கலங்கியது. "அண்ணை, கொஞ்சம் நில்லுங்கோ, நான் அக்காவுக்கு எடுத்து..." என்று தொடங்கும்போதே மற்ற அழைப்பு வந்து விழுந்தது.

"ஓம் அக்கா! நீங்கள் எங்க நிக்கிறீங்கள்?"

"எங்க நிக்கிறனோ? உன்ர அண்ணன்ர வீட்டு வாசலில நிக்கிறன். லா கூர்நெவில. கீழ் வாசல் திறக்க ஏதோ நம்பர் அடிக்கட்டாம். ஒரு ஆபிரிக்கப் பிள்ளை பாவம் பாத்து உள்ளுக்கு விட்டவள். மேல வந்தால் கதவு பூட்டு. திருப்பியும் ஆஸ்பத்திரியிலயோ?"

மாக்கிரட்டுக்குக் கலங்கிய கண் அப்படியே காய்ந்துபோனது. அவர் வீட்டில் இவ, இவ வீட்டில் அவர். காலையில் அல்ப்ஸ் மலைக்கும் பாரிசுக்கும் இடையில் எங்கோ முகிலுக்குள் ஒருவரையொருவர் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

"கேளன் மாக்கிரட்" என்று திரேசம்மா தொடர்ந்தார். அவருக்கு ஆத்திரம் வேறு திசையில் இருந்தது. "அவனுக்கெண்டு கூழ் காய்ச்சிக்கொண்டு வந்தனான். எயார்போட்டில செக் பண்ணுறவன் மறிச்சுப்போட்டான். தண்ணிச் சாமானாம். கூழ் தண்ணியுமில்லை, கட்டியுமில்லை, அது கூழ் எண்டு எவ்வளவோ சொன்னன். எறியச் சொன்னான். எறிவனோ? அதிலயே நிண்டு அவ்வளவையும் குடிச்சிட்டுத்தான் வந்தனான். இப்ப வயிறு ஊதிப்போய் நிக்கிறன்."

"அக்கா, அண்ணை உங்கட வீட்டு வாசலில நிக்கிறார்."

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு. பிறகு வெற்றி முழக்கம் மாதிரி: "மிதிச்சிட்டானோ! என்ர வாசல்படியை மிதிச்சிட்டானோ!"

அண்ணனுக்குச் சொன்னாள். அவர் துள்ளினார். "அவா அங்க வந்திட்டாவோ! அப்ப முதல் வெளிக்கிட்டது அவாதான். அவான்ர பிளேன் எத்தினை மணிக்கு எண்டு கேள்!"

"உவனுக்கு முதலே நான் வெளிக்கிட்டதோ? இல்லவே இல்லை. அவன்ர நேரத்தைக் கேள்!" என்றார் திரேசம்மா.

இடைவேளை முடிகிற மணி அடித்தது. வாசலில் சூப்பர்வைசர் பெண்மணி எட்டிப்பார்த்து மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள். அன்றைக்கு அனுப்ப வேண்டிய பாரிஸ் தட்டுகள் உள்ளே வரிசையில் காத்துக்கொண்டிருந்தன. ஒரு காதில் பாரிஸ், மறு காதில் சூரிச், முன்னால் டோர்வல். மாக்கிரட்டுக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ, அனோஜினி எப்போதோ காட்டித்தந்த பொத்தானை அழுத்தி இரண்டு அழைப்பையும் ஒன்றாகச் சேர்த்தாள்.

"ரெண்டு பேரும் இருக்கிறீங்கள். கதையுங்கோ. எனக்கு வேலை" என்றாள். போனை லொக்கருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு ஓடினாள்.

உள்ளே அவளுடைய கை தட்டில் இருந்தது, மனம் லொக்கரில் இருந்தது. ஒரு வரிசைத் தட்டுக்குப் பாண் வைக்காமல் விட்டாள். மறு வரிசைக்கு இரண்டிரண்டு கேக் வைத்தாள். "மார்கரெட், சா வா?" என்று சூப்பர்வைசர் பிரெஞ்சில் நலம் கேட்க, தலையை ஆட்டிவிட்டு மிஞ்சிய கேக்குகளைப் பொறுக்கினாள். அடிபடுகிறார்களோ? போனை வைத்துவிட்டார்களோ? கொன்றே விட்டார்களோ என்றுகூட நினைத்தாள். ஒருவரையொருவர் தொடமுடியாத தூரத்தில் இருக்கிறார்கள் என்பது ஒன்றே ஆறுதல்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஓடிவந்து லொக்கரைத் திறந்தாள். அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. காதில் வைத்தால் இருவரும் சிரிக்கிறார்கள். திரேசம்மா சிரித்து மாக்கிரட் கேட்டு எவ்வளவோ காலம். அந்தோனியாருக்கு மனதுக்குள் ஒரு மெழுகுதிரி நேர்ந்தாள்.

அடுத்த சொல் அவளுடைய பெயராக இருந்தது.

"மாக்கிரட் அப்பிடியோ சொன்னவள்? நான் எங்கையடா அழுதனான்?"

"அப்ப நான் மட்டும் அழுதனானோ? சூப் சரியில்லை எண்டெல்லோ சொன்னனான்!"

"கூழ் உன்ர கைக்கு நல்லா வரும் எண்டு நான் சொன்னதோ? கடவுளே! உனக்கு வரவே வராது எண்டு சொன்னனான்."

"என்ர நாற்பத்தஞ்சு வருசச் சமையலை மெச்சினதெண்டு..."

"மெச்சிறதோ? உன்னையோ?"

இருவரும் ஒரே நேரத்தில் ஒரே முடிவுக்கு வந்ததை அத்லாந்திக்குக்கு இப்பாலிருந்தே மாக்கிரட் உணர்ந்தாள்.

"மாக்கிரட்! இருக்கிறியோடி அதில?"

அந்த நேரம் போனில் சார்ஜ் தீர்ந்து திரை கறுத்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் ஒரு செத்த பற்றரிக்காகத் தேவனுக்கு நன்றி சொன்னாள்.

பிறகு நடந்ததெல்லாம் நிரஞ்சனி மூலம்தான் தெரியவந்தது. இருவருடைய திரும்பும் சீட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு, மாற்ற முடியாத வகை. நிரஞ்சனி திறப்போடு ஓடிவந்து மாமாவைத் தாயின் வீட்டுக்குள் விட்டாள். பாரிசில் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு திறப்பு இருந்தது. ஆக அக்கா வீட்டில் தம்பியும் தம்பி வீட்டில் அக்காவும் இரண்டு நாள் குடியிருந்தார்கள். மிளகாய்த்தூள் எங்கே, சுடுதண்ணீர் எப்படி வரும், இந்தப் பூஞ்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதா என்று கேட்க அடிக்கடி கதைக்கவேண்டியிருந்தது. திரேசம்மா தம்பியின் சமையலறையைக் கழுவித் தள்ளினார். அருமைநாதன் அக்காவின் பிறீசரைத் திறந்து, கிடந்த மீனையெல்லாம் குழம்பாக்கித் தானே சாப்பிட்டார். ஞாயிறு திரேசம்மா வந்து இறங்க, அருமைநாதன் ஏறிப்போக, நடுவில் சூரிச் விமான நிலையத்தில் ஒரு மணித்தியாலம் இருவரும் நேரில் சந்தித்தார்கள். கதைத்துக்கொண்டிருந்ததில் அவர் பிளேனை விட்டுவிட்டார். அன்றிரவு அக்கா வீட்டுச் சோபாவில் படுத்தார். பிறகு ஒரு கிழமை அந்த வீட்டை விட்டு எழும்பவில்லை.

மாக்கிரட்டுக்கு வந்தது ஒரேயொரு குரற்பதிவு. இரண்டு குரலும் அதில் ஒன்றாக இருந்தன.

"இனி நீ எங்களோட கதைக்கத் தேவையில்லை" என்றது ஒரு குரல்.

"ஓம். அதையும் மாத்திச் சொல்லிப்போடாத" என்றது மற்றது.

பஸ்சில் போன் அடிப்பது நின்றது. முதல் கிழமை அது வரப்பிரசாதமாக இருந்தது. டோர்வலிலிருந்து வீடுவரை யன்னலில் தலை சாய்த்து நித்திரை கொண்டாள். இரண்டாம் கிழமை நித்திரை வரவில்லை. மூன்றாம் கிழமை, போன் பழுதோ என்று அனோஜினியைக் கொண்டு தனக்கே எடுப்பித்துப் பார்த்தாள். அடித்தது.

"ரெலிபோன் எக்ஸ்சேஞ்சைப் பூட்டிட்டாங்கள். பென்சன் ஏதும் தருவாங்களோ?" என்று பகிடி விட்டார் அன்டன். அவள் சிரிக்காததைக் கண்டு, பேச்சை மாற்றிக் கத்தரிக்காயைப் பற்றிக் கதைத்தார்.

மாதம் ஒன்றாகியிருக்கும். ஒரு சனிக்கிழமை வீட்டில் இருக்கப் பிடிக்காமல் அன்டனோடு சந்தைக்குப் போனாள். கடைக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட பெட்டியில் உட்கார்ந்து, அவர் "கூதே மதாம், கூதே" என்று ருசிபார்க்கத் தக்காளித் துண்டை நீட்டி வாடிக்கையாளரைக் கூப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அது மனதில் தட்டியது. இத்தனை வருடத்தில் அந்த இருவரும் ஆயிரம் தடவை எடுத்திருப்பார்கள். ஒரு தடவையாவது அவளுக்காக எடுத்தார்களா? கோபம் கிளம்பியது. பிழை விட்டவள் தான்தான் என்பது நினைவிருந்தது. ஆனாலும் கோபம் கோபம்தான். போனை எடுத்தாள். இருவரையும் அழைத்தாள், சேர்த்தாள்.

"வையாதேங்கோ. இண்டைக்கு நான் ஒருத்தற்ற சேதியும் கொண்டுவரேல்லை. இது என்ர சேதி" என்றாள்.

"என்ன சேதி?" என்றார் திரேசம்மா விறைப்பாக.

"போன மாரியில ஐஸில சறுக்கி விழுந்து கை முறிஞ்சது. மாவுக்கட்டுப் போட்டு வேலைக்கும் போகேலாமல் கிடந்தனான். அந்த நேரமெல்லாம் நீங்கள் ரெண்டு பேரும் ஒழுங்கா எடுத்தனீங்கள். உன்ர அண்ணனிட்டச் சொல்லு, உன்ர அக்காவிட்டச் சொல்லு எண்டு. மற்றக் கையால போனைப் பிடிச்சு எல்லாத்தையும் குடுத்தனான். நீ எப்பிடி இருக்கிறாய் எண்டு ஒருத்தராவது கேட்டனீங்களோ? கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

சந்தையில் ஆரோ சோளத்துக்கு விலை கேட்டார்கள்.

"எந்தக் கை?" என்று மெல்லக் கேட்டார் திரேசம்மா. கரகரத்த குரல். இந்தமுறை தடிமன் இல்லை.

"வலக்கை."

"வலக்கையோ! அந்தக் கையாலயோ தட்டு அடுக்கிறது?" என்றார் அருமைநாதன். "எங்களுக்கு ஏனடி சொல்லேல்லை? இப்ப நோ இருக்கோ? மடக்க ஏலுமோ?"

"நீ விசரி. எங்கட வாயைத் திருத்தினனீ, உன்ர கையைச் சொல்லேல்லை" என்று அக்கா அழத் தொடங்கினார். உண்மையான அழுகை. ஒரு சொல்லும் கூட்டத் தேவையிருக்கவில்லை.

"அக்கா, நான் செய்தது பிழைதான்" என்றாள் மாக்கிரட்.

"பிழைதான். ஆனால் அந்தக் கூழ் விசயம் கேக்க நல்லாத்தான் இருந்தது" என்றார் அருமைநாதன். "இப்ப காய்ச்சினனான். வரேல்லை."

"வராது எண்டு நான் அப்பவே சொன்னனான்" என்றார் திரேசம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு.

அடுத்த கோடையில் இருவரும் ஒரே பிளேனில் மொன்றியல் வருவதென்று அங்கேயே தீர்மானமானது. ஆர் யன்னல் பக்கம் இருப்பது என்று உடனே ஒரு சண்டையும் வந்தது. மாக்கிரட் அதில் தலையிடவில்லை. அவளுக்கு வேறு அவசரம் இருந்தது. பெட்டியில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"கையை விடுங்கோ, அது மாறிட்டுது. முழங்கால்தான் இப்ப பிரச்சினை" என்று தொடங்கினாள். முழங்காலிலிருந்து கொலஸ்ட்ரோலுக்குப் போனாள். கொலஸ்ட்ரோலிலிருந்து மேல் வீட்டுக்காரன் இரவில் கதிரை இழுக்கிற சத்தத்துக்கு வந்தாள். அனோஜினி வீட்டில் பிரெஞ்சிலேயே கதைப்பது, புதிதாக வந்த சூப்பர்வைசர் சிரிப்பதேயில்லை என்பது, கோயிலில் பாடகர் குழுவில் நடந்த பிணக்கு எல்லாம் வரிசையாக வந்தன. அன்டன் ஒரு பெட்டி தக்காளி முழுவதையும் விற்று முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அவள் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"மாக்கிரட், நான் பேந்து எடுக்கவோ?" என்று அருமைநாதன் மெதுவாக நுழைந்தார்.

"பேந்து இல்லை. இருங்கோ அண்ணை."

"பிள்ளை, அடுப்பில கறி கிடக்கு" என்றார் திரேசம்மா.

"இறக்கி வைச்சிட்டு வாங்கோ அக்கா, நான் நிக்கிறன்" என்றாள் மாக்கிரட். சூரிச்சில் சட்டி இறங்குகிற சத்தம் கேட்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, பல் வைத்தியரிடம் போன கதையைத் தொடங்கினாள்.